இரண்டு பைகளோடு வந்தவர்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிக்கொடு என்று மலர்க் குழுவில் சொன்னபோது கூடவே ஒரு எச்சரிக்கையும் வந்தது. டாக்டர் அப்துல் கலாம் பற்றி ஏற்கெனவே நாலு கட்டுரை வந்து கிடக்கிறது, ஐந்தாவதாக நீயும் கொண்டுவராதே என்றார்கள். நியாயம்தான். அதனால் நம் காலேஜில் பலருக்குக் கதையைத் தெரிந்து, ஆளைத் தெரியாத ஒருவரை எடுத்துக்கொண்டேன். 'வாடிவாசல்' என்றால் எல்லோருக்கும் தெரியும். வெற்றிமாறன், சூர்யா, காளை என்று 2020-லிருந்தே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கதையை எழுதியவர் சி.சு. செல்லப்பா. 1998-ல் காலமானார். நாமெல்லாம் பிறப்பதற்கு ரொம்ப வருஷம் முன்னால்.

ஆனால் நான் எழுதப்போவது காளையைப் பற்றி இல்லை. அவர் தூக்கிக்கொண்டு நடந்த பைகளைப் பற்றி.

சீனியர் அண்ணன் ஒருவர் கொடுத்த 'வாடிவாசல்' புத்தகம் ரொம்பச் சின்னது. தண்டலம் கூட்டுரோட்டிலிருந்து மண்ணூர் போகிற பஸ்ஸில் இரண்டு நாளில் முடித்துவிட்டேன். அப்புறம் இதை எழுதியவர் யார் என்று தேடிப் படித்தபோதுதான், புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு காலேஜ் காலேஜாகப் போய் விற்றவர் என்ற விஷயம் தெரிந்தது. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

செல்லப்பா 1912 செப்டம்பர் 29-ல் பிறந்தவர். சொந்த ஊர் தேனிப் பக்கம் சின்னமனூர். வளர்ந்தது வத்தலக்குண்டில். அந்த ஊருக்கு ஒரு ராசி இருக்கிறது. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயரும் அந்த ஊர்தான், பி.எஸ். ராமையாவும் அந்த ஊர்தான். செல்லப்பா மதுரைக் கல்லூரியில் படித்தார். காந்தி பக்தி தலைக்கேறிய வயசு. சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி ஜெயிலுக்கும் போனார். கதர் அவரை விட்டுக் கடைசி வரை போகவில்லை. பிடித்ததை விடாத குணம் என்பார்களே, அது அப்போதே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்தக் குணத்தால் அவர் சாதித்ததும் உண்டு, பட்டதும் உண்டு.

அப்போது சென்னையிலிருந்து 'மணிக்கொடி' என்று ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. 1933-ல் ஆரம்பித்தது. 1935-ல் ராமையா அதைச் சிறுகதைக்கென்றே உள்ள பத்திரிகையாக மாற்றினார். புதுமைப்பித்தன், கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, மௌனி என்று இன்றைக்குத் தமிழ் எம்.ஏ. படிப்பவர்கள் பரீட்சைக்குப் படிக்கிற பெயர்களெல்லாம் அதில்தான் எழுதினார்கள். செல்லப்பாவும் எழுதினார். எல்லோரும் இளைஞர்கள், எல்லோருக்கும் திறமை, யாருக்கும் காசு இல்லை! அந்தப் பத்திரிகையும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் படுத்துவிட்டது. இவர்களில் பெரியவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் புதுமைப்பித்தன் 1948-ல் காசநோயால் இறந்தபோது வயது 42. அவரும் கையில் ஒன்றும் இல்லாமல்தான் போனார். கதை இருக்கிறது, எழுத ஆள் இருக்கிறது, ஆனால் அதை நின்று நிதானமாகப் புத்தகமாக்கி விற்க ஆள் இல்லை. செல்லப்பா வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும்.

ஏன் விற்க ஆள் இல்லை? இங்கே கொஞ்சம் நம்ம சப்ஜெக்டுக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து அச்சு என்பது ஈய எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி உலோகத் துண்டு. கம்பாசிட்டர் நின்றுகொண்டே பெட்டியிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி சேர்ப்பார். ஆங்கிலத்துக்கு இருப்பதை விடத் தமிழுக்கு எழுத்து வகை அதிகம், பெட்டியும் பெரிசு. எட்டு அல்லது பதினாறு பக்கம் சேர்த்து ஒரு ஃபாரமாகப் பூட்டி, புரூஃப் எடுத்து, தப்புத் திருத்தி, அப்புறம் மெஷினில் ஏற்றுவார்கள். அந்த ஃபாரம் ஓடி முடிந்ததும் எழுத்தையெல்லாம் கழுவிப் பிரித்து மறுபடி பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஏனென்றால் அடுத்த ஃபாரத்துக்கு அதே எழுத்து வேண்டும். அதாவது அதே புத்தகத்தை மறுபடி அடிக்க வேண்டுமென்றால் முதலிலிருந்து கோக்க வேண்டும்.

ஒரகடத்தில் இன்பிளான்ட் டிரெயினிங் போனவர்களுக்கு இது உடனே புரியும். பிரஸ் ஷாப்பில் ஒரு டை செய்ய லட்சக்கணக்கில் ஆகிறது. அதில் லட்சம் பீஸ் அடித்தால் ஒரு பீஸுக்கு அந்தச் செலவு சில்லறைதான். ஐநூறு பீஸோடு நிறுத்தினால் கம்பெனி திவால். புத்தகமும் அதே கணக்கு. கோர்க்கிற செலவு ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான், பத்தாயிரத்துக்கும் ஒன்றுதான். ஆகவே பத்தாயிரம் விற்கிற தொடர்கதையைப் போடப் பதிப்பாளர்கள் வரிசையில் நிற்பார்கள். முந்நூறு பேர் படிக்கிற கவிதையை எவன் போடுவான்? பதிப்பாளர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் பேப்பர் கடைக்கும் அச்சகத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள்தானே.

செல்லப்பா இந்தக் கணக்கை மாற்றிப் போட்டார். விற்கிற சரக்குக்குத்தானே பதிப்பாளர் வருவார், விற்காததற்கு நானே பதிப்பாளர் என்று முடிவு செய்தார். 'தினமணி கதிர்' போன்ற இடங்களில் வேலை பார்த்த அனுபவம் இருந்தது. 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் இருந்த வீடுதான் ஆபீஸ். முதலாளி, ஆசிரியர், புரூஃப் பார்ப்பவர், பார்சல் கட்டுபவர், தபாலாபீஸ் போகிறவர் எல்லாம் ஒரே ஆள்.

அந்தப் பத்திரிகையின் லட்சணத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். அட்டையில் படம் கிடையாது. சினிமாச் செய்தி கிடையாது. சிரிப்புத் துணுக்கு கிடையாது. போதாததற்கு இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சடிக்க மாட்டேன், சந்தா கட்டியவருக்குத்தான் அனுப்புவேன் என்று அவரே ஒரு வரம்பு கட்டிக்கொண்டார். உலகத்தில் எல்லோரும் குறைந்தது இவ்வளவாவது விற்க வேண்டும் என்று பிரார்த்தனை செய்வார்கள். இவர் இதற்கு மேல் விற்கமாட்டேன் என்றார்! அந்த இரண்டாயிரத்தைத் தொடுவதே அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்பது வேறு விஷயம்.

எழுதுகிறவர்களுக்குப் பணம் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. ஆனால் வேறு ஒன்று கொடுத்தார். இடம் கொடுத்தார், கவனம் கொடுத்தார். ந. பிச்சமூர்த்தி 1930-களிலேயே யாப்பு இல்லாமல் கவிதை எழுதிப் பார்த்தவர். கோயில் நிர்வாக அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டு, கவிதையை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. 1959-ல் அவருக்கு அறுபதை நெருங்குகிற வயசு. அவருடைய 'பெட்டிக்கடை நாரணன்' கவிதையை எடுத்து 'எழுத்து' ஆரம்ப இதழ்களிலேயே மறுபடி வெளியிட்டார் செல்லப்பா. பெரியவர் திரும்ப எழுத ஆரம்பித்தார். அதைப் பார்த்து இளைஞர்கள் எழுத ஆரம்பித்தார்கள். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் கவிதை அனுப்பினார். இலங்கை திருகோணமலையிலிருந்து இருபது வயசுப் பையன் ஒருவன் அனுப்பினான். தருமு சிவராமு என்று பெயர், பிற்பாடு பிரமிள் என்று பெரிய பேர் வாங்கியவர். யார் சிபாரிசு, எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்காமல் போட்டார் செல்லப்பா. வெங்கட் சாமிநாதன் வட இந்தியாவில் சர்க்கார் வேலையில் இருந்துகொண்டு காரசாரமாக விமர்சனம் எழுதி அனுப்பினார், அதையும் போட்டார். சி. மணியின் 'நரகம்' என்ற நீளக் கவிதையை 1962-ல் போட்டார். பிற்காலத்தில் கூத்துப்பட்டறை தொடங்கிய ந. முத்துசாமியும் 'எழுத்து' வீட்டுக்குப் போய் வந்து வளர்ந்தவர்தான். நடிகர் விஜய் சேதுபதி கணக்கு எழுதப் போனாரே, அந்தக் கூத்துப்பட்டறை.

பத்திரிகை மாதம் முடிந்தால் பழசாகிவிடும், புத்தகமாக இருந்தால்தான் நிற்கும் என்று 'எழுத்து பிரசுரம்' என்று புத்தகமும் போட ஆரம்பித்தார். 1962-ல் பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து'. அதே வருஷம் 'புதுக்குரல்கள்' என்று 24 பேருடைய 63 கவிதைகள். 1964-ல் பிச்சமூர்த்தியின் 'வழித்துணை'. தன்னுடைய 'ஜீவனாம்சம்' நாவலையும் அவரே போட்டுக்கொண்டார். புதுக்கவிதை என்று இன்றைக்கு நாம் சொல்கிற வார்த்தை நாலு பேர் வாயில் புழங்க ஆரம்பித்தது அப்போதுதான். தமிழ்ப் பண்டிதர்கள் இது கவிதையே இல்லை என்று சண்டைக்கு வந்தார்கள். செல்லப்பாவும் லேசுப்பட்ட ஆள் இல்லை, பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய கட்டுரை நடை கரடுமுரடு. எனக்கு இரண்டு தடவை படித்தும் பாதிதான் புரிந்தது.

புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. யார் விற்பது? கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் காசு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீடு முழுக்கக் கட்டுக் கட்டாகப் புத்தகம். அப்போதுதான் அவர் இரண்டு பைகளை எடுத்தார். இரண்டு கையிலும் புத்தகப் பை, உடம்பில் கதர். ரயிலிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராகப் போனார். காலேஜ் வாசலில் இறங்கி, தமிழ்த்துறையைத் தேடிப் போய், வாத்தியார்களிடமும் மாணவர்களிடமும் பேசி விற்றார். பேசக் கூப்பிட்டால் பேசுவார். கூப்பிடாவிட்டாலும் போவார். தமிழ்நாட்டில் ஒரு எழுத்தாளர் தன் புத்தகத்தை மட்டும் இல்லை, மற்றவர்கள் எழுதிய புத்தகத்தையும் சேர்த்துச் சுமந்து விற்றார் என்பதை நினைத்துப் பாருங்கள். பிச்சமூர்த்தி எழுதுவார், செல்லப்பா சுமப்பார்!

இருநூறு பக்கப் புத்தகம் ஒன்றை நம் லேப் தராசில் வைத்துப் பார்த்தேன், கால் கிலோவுக்கு மேல் இருந்தது. ஒரு பையில் முப்பது புத்தகம் என்றால் ஏழெட்டுக் கிலோ. இரண்டு பைக்குப் பதினைந்து கிலோ. வயசு ஐம்பதுக்கு மேல்.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பாத்திரம் விற்கிறவர். டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் பின்னால் பிளாஸ்டிக் குடம், அன்னக்கூடை, பக்கெட், எவர்சில்வர் சாமான் எல்லாம் கட்டிக்கொண்டு மண்ணூர், வளர்புரம், தண்டலம் என்று தெருத்தெருவாகப் போவார். ஷிப்டு விடுகிற நேரத்துக்குக் கம்பெனி கேட் பக்கமும் நிற்பார், வாடகை ரூமில் தங்கியிருக்கும் பையன்கள் பக்கெட் வாங்குவார்கள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். போன வருஷம் முதல் செமஸ்டர் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் அப்பா நம் காலேஜ் கேட்டுக்கு எதிரில் வண்டியைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். விற்க வரவில்லை. மழை வரும்போல இருந்ததால் என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார். என்கூட நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேலை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி, பின்பக்க வழியாகப் போய்விட்டேன். அப்பா மழை விடும் வரைக்கும் அங்கேயே நின்றிருந்தார் என்று அப்புறம் அம்மா சொன்னார்கள். அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பார்க்காமல் போயிட்டியா என்று கூடக் கேட்கவில்லை. இந்த மலரைப் படிக்கும் அந்த நாலு பேருக்கும் அன்றைக்கு ஸ்கேல் என் பையில்தான் இருந்தது என்று இப்போது தெரியும்.

செல்லப்பாவும் நம்மைப் போன்ற பையன்கள் படிக்கிற காலேஜ் வாசலில்தான் பையோடு நின்றிருப்பார். அவரைப் பார்த்து எத்தனை பேர் பின்பக்கமாகப் போனார்களோ! அவருக்கு அதெல்லாம் உறைத்ததா என்று தெரியாது. உறைத்தும் அடுத்த ஊருக்குப் போயிருக்கிறார், அதுதான் நமக்குத் தெரிகிற விஷயம்.

இதையெல்லாம் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். பத்திரிகை நடத்த மனைவியின் நகை போனது என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் பெருமையாகச் சொன்னேன். அம்மாவின் இரண்டு வளையல் என் அட்மிஷனுக்காக இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், அந்தம்மாவிடம் கேட்டுவிட்டு வாங்கினாரா என்று. நான் படித்ததில் அதற்குப் பதில் இல்லை. அந்த அம்மாள் இவ்வளவையும் சகித்து வந்தவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பினார்கள் என்றுதான் இருக்கிறது. சந்தா கட்டியவர் கணக்கு இருக்கிறது, கவிதைக் கணக்கு இருக்கிறது. அந்த வீட்டுச் சமையல்கட்டுக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. பிடித்ததை விடாத ஆள் என்றேனே, கூட எழுதியவர்களிடமும் அப்படித்தான். அவர் வளர்த்த பையன்களே அவரோடு மோதினார்கள். சிலர் விலகிப் போனார்கள். 1968-ல் சி. மணி சேலத்திலிருந்து 'நடை' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். 1970-ல் சென்னையில் 'கசடதபற' வந்தது. பத்திரிகை நடத்தப் பணம் வேண்டாம், பிடிவாதம் இருந்தால் போதும் என்று கற்றுக்கொடுத்தவர் இவர். கற்றுக்கொண்டவர்கள் தனிக்கடை போட்டார்கள். நம்ம ஊர் லேத் பட்டறைகளில் நடப்பதுதான். அதே 1970-ல் 119 இதழோடு 'எழுத்து' நின்றுபோனது. மாதப் பத்திரிகை காலாண்டாகி, காலாண்டும் முடியாமல் போயிற்று.

அதற்குப் பிறகு 28 வருஷம் இருந்தார். கொஞ்ச காலம் வத்தலக்குண்டு போனார், பிறகு சென்னைக்கே திரும்பி வந்தார். பொம்மை செய்து விற்றதும் உண்டு. பரிசு, உதவி என்று வந்தவற்றைத் தட்டிக்கழித்தார். எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. சுதந்திரப் போராட்டத்தை வைத்து 'சுதந்திர தாகம்' என்று மூன்று பாகத்தில் பெரிய நாவல் எழுதினார். 1997-ல், 85 வயசில், அதையும் தானே வெளியிட்டார். பதிப்பாளர் வருவார் என்று அப்போதும் காத்திருக்கவில்லை! அடுத்த வருஷம் டிசம்பர் 18-ல் இறந்துபோனார். அந்த நாவலுக்கு 2001-ல் சாகித்திய அகாடமி விருது கொடுத்தார்கள். தட்டிக்கழிக்க அவர் இல்லை.

அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இந்த மலரையே புரட்டிப் பாருங்கள். கவிதைப் பக்கங்கள் பதினொன்று. அம்மாவைப் பற்றி மூன்று, நட்பைப் பற்றி இரண்டு, காதல் மற்றதெல்லாம். ஒன்றிலாவது யாப்பு இருக்கிறதா? எதுகை இருக்கிறதா? சிவிலில் படிக்கிற என் நண்பன் ஒரு வரியில் ஒரே ஒரு வார்த்தை போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறான், யாரும் அவனை ஏன் என்று கேட்கவில்லை. 1959-ல் கேட்டிருப்பார்கள். திட்டியிருப்பார்கள். இப்படி எழுதினாலும் கவிதைதான் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கிச் சொன்ன கொஞ்சப் பேரில் முக்கியமான ஆள் இவர்.

விளம்பரம் கேட்டு நாங்கள் ஆறு பேர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கடை கடையாக ஏறி இறங்கினோம். முதல் நாள் பதினாலு கடையில் இரண்டு கடைதான் கொடுத்தார்கள். ஒரு கடையில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அப்பாவிடம் கேட்டேன், முடியாது என்று சொல்கிறவர்களிடம் என்ன செய்வீர்கள் என்று. இன்றைக்கு வாங்க வேண்டாம், விலையை மட்டும் தெரிஞ்சுக்கோங்க என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட வேண்டும், அடுத்த வாரம் அதே தெருவுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் என்றார். அதன்படி மறுவாரம் போனதில் இன்னும் ஐந்து விளம்பரம் கிடைத்தது. பின்னட்டை உள்பக்கம் பாருங்கள்.

மலர் எழுநூறு பிரதி. அச்சகத்தில் பார்சல் கட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். டெம்போ பிடித்தால் குழுவின் காசு கரையும் என்பதால் அப்பா எக்ஸ்எல்லில் இரண்டு நடையாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், முன் கேட் வழியாக வரச் சொல்லியிருக்கிறேன். கட்டு கனமாக இருக்கும். இறக்குவதற்கு நாலு பேர் வந்தால் நல்லது.